ஆள் இருக்கு

"டிஸ்க்குல போட்டு அவங்க கையில குடுத்துருங்க சார்" என்றாள் மாரிச்செல்வி.

கூட்ட அறையில் அவளுடைய மேலாளர் தருண் தன் லேப்டாப்பை மெல்ல மூடினான். கம்பெனி வக்கீல் வசுந்தரா, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வானவாசல் கேம்ஸ் நிறுவனத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம், சம்பள உயர்வு கேட்கலாம், நாய்க்குட்டியை ஆபீசுக்குக் கூட்டிவரக்கூட அனுமதி கேட்கலாம். டிஸ்க் மட்டும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைப் பாடமாக நடத்தினார்கள். வாடிக்கையாளர் அந்த வார்த்தையைச் சொன்னால் சிரித்தபடி வானிலையைப் பற்றிப் பேச வேண்டும். ஊழியரே கேட்டால் என்ன செய்வது என்று விதி இல்லை. அப்படி ஒரு ஆள் உள்ளே வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"மாரி, ஆர் யூ ஓகே?" என்றான் தருண்.

"நல்லாத்தான் இருக்கேன். 'ரூட் பஸ்' கேம்ல மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு டிஸ்க். அவங்க பாட்டுக்கு வீட்டுல வச்சு ஓட்டிட்டுப் போறாங்க. நாம சர்வரை அணைச்சுட்டுப் போவோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"டிஸ்க் போட ஓட்டை இருக்கிற பெட்டி இப்ப எவன்கிட்ட இருக்கு?"

"கோவில்பட்டியில ரிப்பேர் கடையில கிடக்கும். நான் வாங்கித் தாரேன்."

"அது இல்ல பாயிண்ட். கையில குடுத்துட்டா அது அவங்களோடது ஆயிடும்."

"காசு குடுத்து வாங்குனது அவங்களோடதுதான சார்."

வசுந்தரா தொண்டையைச் செருமினார். "அவங்க வாங்கலம்மா. அனுமதி எடுத்திருக்காங்க."

"பட்டன்ல 'வாங்கு'ன்னுதான மேடம் எழுதியிருந்தது? எங்க அம்மாவே எனக்கு ஒண்ணு வாங்கித் தந்தா. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்குன காசுல."

"அந்த 'வாங்கு' ஒரு அலங்காரச் சொல்னு நாம கோர்ட்ல வாதாடி ஜெயிச்சிருக்கோம்."

"கோவில்பட்டியில அதுக்கு வேற பேரு மேடம்" என்றாள் மாரிச்செல்வி. அந்தப் பேரைச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் அவள் காட்டிய அடக்கம்.

கடைகளில் விளையாட்டு விற்பது நின்று பல வருடம் ஆகியிருந்தது. முதலில் அட்டைப்பெட்டி போயிற்று, அப்புறம் டிஸ்க் போயிற்று, கடைசியில் பெட்டியில் இருந்த ஓட்டையும் போயிற்று. எல்லாம் கம்பி வழியாக வந்து கம்பி வழியாகவே திரும்பிப் போய்விடும். யார் விளையாடினாலும் அரசாங்க அடையாள எண்ணோடுதான் நுழைய வேண்டும். உள்ளே போனால் தலைக்கு மேல் முழுப்பெயர் விளக்குப்போல எரியும். ராட்சசனை வெட்டப் போகிற வீரனின் தலையில் 'ப. குருசாமி, த/பெ பரமசிவம்' என்று மின்னும்.

இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்கு இருந்த ஒரே தலைவலி ஒரு சட்டம். ஒருமுறை யாரோ ஒரு போர் விளையாட்டை ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அணைத்துவிட்டார்கள். ஹெட்செட் மாட்டியிருந்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டளை: உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் விளையாட்டை அணைக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு விளையாட்டையும் மூடுவதற்கு முன், கடைசி ஆளிடம் நயமாகப் பேசி வெளியே அனுப்ப ஒரு பிரிவு தேவைப்பட்டது. பெயர்ப்பலகையில் 'விடைதரு பிரிவு'. ஊழியர்கள் வைத்த பெயர் இறக்கிவிடும் பிரிவு.

அந்தப் பிரிவில் மாரிச்செல்வியை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் 'உங்கள் நினைவுகள் எங்களுக்கு முக்கியம்' என்று தேனாகப் பேசி வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். இவள் உள்ளே போய், "யண்ணே, இங்க என்ன இருக்குன்னு உக்காந்திருக்கிய? வீட்டுல ஆளுக தேடமாட்டாவளா? எந்திரிங்க" என்பாள். ஆளும் எழுந்து போய்விடுவான். வீட்டில் முதல் பட்டதாரி அவள். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரி சான்றிதழை அம்மா இன்னும் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நகைதான் இப்போது பீரோவில் இல்லை. படிப்புக்குப் போயிற்று. ஆனாலும் வேலை இன்னும் தற்காலிகம்தான். 'வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு, பெர்மனன்ட் ஆகுற வரைக்கும் எதையும் கேக்காத' என்று அம்மா போனில் தினமும் சொல்வாள். நிறுவனத்தின் விதியும் அம்மாவின் விதியும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

"ரூட் பஸ்ஸை மூடிக் குடுங்க" என்றான் தருண். "அன்னைக்கே உங்க பெர்மனன்ட் ஆர்டர். லெட்டர் ரெடியா இருக்கு. டிஸ்க் பத்தி நீங்க பேசினதை நாங்க கேக்கலை."

மாரிச்செல்வி அந்த இரண்டு பேருக்காக இவ்வளவு தூரம் வாயைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மூடப்போகிறோம் என்று தகவல் போனதும் சங்கரன்கோவிலிலிருந்து கோமதி என்கிற பெண்மணி போன் செய்திருந்தார்.

"எனக்குப் போனா போகட்டும் தாயி. பக்கத்துச் சீட்டுல ஒரு பொம்பள வருவா, அவளுக்கு மட்டும் எப்படியாவது நீட்டிச்சுக் குடுங்க. என் கணக்குல எழுதிக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

அதே நாள் மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து ஈஸ்வரி என்கிற பெண்மணி.

"சன்னலோரச் சீட்டுல ஒரு அம்மா உக்காருவாவ. அவங்கள இறக்கிவிட்டுராதிய. என்ன வேணும்னா இறக்கிக்கோங்க. நான் பேசுனது அவங்களுக்குத் தெரியக் கூடாது."

மாரிச்செல்வி இருவரின் விவரத்தையும் எடுத்துப் பார்த்தாள். தகப்பனார் பெயர் ஒன்று. பிறந்த ஊர் ஒன்று, தெருவும் ஒன்று. அக்காவும் தங்கையும்.

அன்று சாயங்காலம் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ஊர்ப்பஸ். பாளையங்கோட்டையில் மூன்று பையன்கள் சேர்ந்து செய்து, பிறகு வானவாசலுக்கு விற்ற விளையாட்டு. ஒரு காலத்தில் வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், எந்நேரமும் பாட்டு ஓடும். பாட்டுகளின் உரிமை தீர்ந்தது. இப்போது ஸ்பீக்கரில் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வரும், அதற்கும் டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். பனவடலிசத்திரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பலகையில் இருந்த கம்பெனிப் பெயரின் உரிமை தீர்ந்ததும் பலகை போயிற்று, பலகையோடு கடையும் போயிற்று. டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் மட்டும் வெறும் பொட்டலில் கிளாசைப் பிடித்தபடி இன்னும் நிற்கிறார். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவர்கள் தூங்கி எழுவதற்குள் நடந்தவை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. இது பழைய விளையாட்டு என்பதால் தலைக்கு மேல் பெயர் எரியாது. பஸ்ஸில் யார் பெயரை யார் கேட்கிறார்கள்?

நடுவில் இரட்டைச் சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையன்கள் பெண்களுக்கென்று ஒரே முகத்தைத்தான் வரைந்து வைத்திருந்தார்கள். நீலச் சேலை, மூக்குத்தி, லேசான சிடுசிடுப்பு. மாரிச்செல்விக்கும் அதுவே கிடைத்தது. அவர்களுக்குப் பின்சீட்டில் அவள் போய் உட்கார்ந்ததும், ஒருத்தியே மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"நீங்க எந்த ஊரு?" என்றாள் சன்னலோரத்தில் இருந்த கோமதி.

"சும்மா இந்தப் பக்கந்தான்" என்றாள் ஈஸ்வரி. "நீங்க?"

"நானும் சும்மா இந்தப் பக்கந்தான்."

வருடக்கணக்காக இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று பதிவுகள் சொல்லின.

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்றாள் ஈஸ்வரி.

"புளிக்குழம்பு."

"தேங்கா அரைச்சு ஊத்துனியளா?"

"அரைக்காம பின்ன."

"பெறகு முட்டு வலிக்கி முட்டு வலிக்கின்னு சொன்னா எப்படி? தேங்காயக் குறைங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதது. சொந்தக்காரங்களா இருந்தா நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளு, அதான் உரிமையா சொல்லுதேன்."

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து வாங்குங்க, காத்து வாங்குங்க" என்று ஈஸ்வரி சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "உங்களுக்கு பஸ்ஸு ஒத்துக்காது."

"ஒத்துக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

மூஞ்சி மூன்று பேருக்கும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பஸ்ஸில் எப்படி ஒருத்திக்குக் குமட்டும் என்று மாரிச்செல்விக்கு விளங்கவில்லை. பஸ் என்று எழுதிக் காட்டினாலே குமட்டுகிற ஜாதி போலிருக்கிறது.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள் கோமதி, வெளியே பார்த்தபடி. "திமிரு புடிச்சவ. எம் மக கல்யாணத்துக்கே வரல."

"எனக்கும் ஒரு அக்கா இருக்கா. அவளும் லேசுப்பட்டவ இல்ல. கல்யாணப் பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேர விட்டுட்டா. சித்தப்பன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான், பேரக் காணும்."

"அச்சாபீஸ்காரன் விட்டிருப்பான்."

"அச்சாபீஸ்காரனுக்கு நீங்க என்ன வக்கீலா?"

"பொதுவா சொன்னேன். அச்சாபீஸ்காரனுவ எல்லாம் அப்படித்தான்."

"சரி, விட்டுப்போச்சுன்னு ஒரு போனு பண்ணிச் சொல்லியிருக்கலாம்லா?"

"உங்கக்கா போன எடுத்து எடுத்து வச்சிருப்பா. பாவம்."

"எடுத்தா போதுமா? நம்பர அமுக்கணும்லா. எட்டு வருசமா நானும் போனையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதற்கு மேல் மாரிச்செல்வியால் பொறுக்க முடியவில்லை. யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் பேசினாலே அவளுக்கு உள்ளங்கால் எரியும். இங்கே எட்டு வருடச் சுற்று.

"யக்கா" என்று இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். பெறகு எதுக்கு இந்தக் கூத்து? இறங்கி ஒரு போனப் போட்டா முடிஞ்சுது."

இரண்டு ஒரே முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பின.

"யாருக்கு யாரு அக்கா?" என்றாள் ஈஸ்வரி.

"அதான. எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்றாள் கோமதி.

"இப்பத்தான இருக்கான்னு சொன்னிய."

"அது வேற தங்கச்சி."

கோமதி தேவர்குளத்தில் இறங்கினாள். வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கினாள். ஈஸ்வரி மானூரில் இறங்கும்போது மாரிச்செல்வியைப் பார்த்து, "நல்லா இரு" என்றாள். அதை வாழ்த்து என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஹெட்செட்டைக் கழற்றியபோது தருண் கைதட்டிக்கொண்டு நின்றான். "சூப்பர் மாரி. ஒரே ட்ரிப்ல ரெண்டு பேரையும் இறக்கிட்டீங்க."

மாரிச்செல்வி ஆயிரம் பேரை வெளியே அனுப்பியிருக்கிறாள். அவர்களுக்கு எல்லாம் போக ஒரு இடம் இருந்தது. இந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள இருந்தது அந்த ஒரு சீட்டுதான். புது விளையாட்டுகளில் பெயர் எரியும். பெயர் எரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆக வேண்டும். அதை இவள் வாயாலேயே கெடுத்தாயிற்று.

மறுநாள் காலை கம்பெனி ஆட்கள் கூடி நிற்க, தருண் அணைக்கும் பொத்தானைத் தொட்டான். திரையில் எழுத்து வந்தது: அணைக்க இயலாது. உள்ளே 2.

கேமரா வழியாகப் பார்த்தார்கள். டிரைவர், கண்டக்டர், கம்ப்யூட்டரே ஓட்டுகிற சில பொம்மைப் பயணிகள். உயிருள்ள ஆள் ஒருவரும் இல்லை. மறுபடி அழுத்தினார்கள். உள்ளே 2. இன்ஜினியர்கள் வந்தார்கள், போலந்திலிருந்து ஒரு நிபுணர் வீடியோவில் வந்தார். பேய் என்பதைத் தவிர மற்ற எல்லாக் காரணத்தையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

மாரிச்செல்வி திரையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஆள் இருக்கே சார்."

"எங்க?"

"நடுச் சீட்டுல. துண்டு கிடக்குல்லா. பக்கத்துல பை கிடக்கு."

"அது துணி, மாரி."

"ஆமா. துண்டு கிடந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்."

தருண் வசுந்தராவைப் பார்த்தான். இருவரும் அடையாறில் பிறந்து வளர்ந்து, காரில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள வரும்போதே சன்னல் வழியா துண்டைப் போட்ருவாங்க" என்றாள் மாரிச்செல்வி. "துண்டு இல்லன்னா பை. அதுவும் இல்லன்னா பச்சப்புள்ளயவே உள்ள எறக்கிருவாங்க. அதுக்கப்புறம் அது அவங்க சீட்டு. ஆள் டீ குடிக்கப் போயிருக்கலாம், ஒண்ணுக்குப் போயிருக்கலாம். சீட்டுல ஆள் இருக்கு."

"பட் டெக்னிக்கலி காலியாத்தானே இருக்கு? வேற ஒருத்தர் வந்தா உக்காருவாருல்ல?"

"திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல நீங்க உக்காந்து பாருங்க. உங்க வீட்டுக்கு நான் தகவல் சொல்லிருதேன்."

பழைய நிரலைத் தோண்டி எடுத்தார்கள். பாளையங்கோட்டைப் பையன்கள் சீட்டைக் கணக்கிட எழுதிய வரியில் ஆளா பொருளா என்று பிரிக்கவே இல்லை. எது கிடந்தாலும் ஆள். அப்படி எழுதுவதில் ஒரு தவறும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வேறு எந்த ஊர்க்காரன் எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது.

"சட்டப்படி ஒரு துண்டு மனுஷன் ஆகுமா?" என்று தருண் கேட்டான்.

"ஆகாது" என்றார் வசுந்தரா. சற்று யோசித்தார். "ஆனா உள்ள ஆள் இருக்குன்னு நம்ம சிஸ்டமே சொல்லுது. அதை மீறி அணைச்சோம்னு பதிவாச்சுன்னா என்னால கோர்ட்ல துண்டைக் கொண்டு போய்க் காட்ட முடியாது."

"அந்த வரியை மாத்திடலாமே?"

"மாத்தணும்னா ஒருதடவை அணைச்சு எழுப்பணும்" என்றார் போலந்துக்காரர். "அணைக்கணும்னா உள்ளே ஆள் இருக்கக் கூடாது."

"டிஸ்க்கு குடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் மாரிச்செல்வி. யாரும் அதைக் கேட்கவில்லை.

கடைசியில் தருணே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். நேராக நடுச்சீட்டுக்குப் போய் துண்டின் மேல் உட்கார்ந்தான். பொம்மைப் பயணிகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "யோவ், துண்டு கிடக்கது கண்ணு தெரியல?" என்றது ஒன்று. "பொம்பளையாளு பை கிடக்கு, அதுல போய் ஒட்டி உக்காருதான் பாரு" என்றது இன்னொன்று. கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, 'இவன இறக்கிவிட்டாத்தான் வண்டிய எடுப்பேன்' என்று சொல்லிக் கீழே இறங்கி, பொட்டலில் கிளாசோடு நிற்கிற ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தருண் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்னைப் பாத்து, படிச்சவன் மாதிரி இருக்கியேன்னு கேக்குறாங்க மாரி."

"எல்லாரையும் கேக்கதுதான் சார்."

"நீங்க போங்க. பொம்பளை பொருளைப் பொம்பளை எடுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரெண்டையும் எடுத்து வெளிய போட்டுட்டு வாங்க. ஈவினிங் நாலு மணிக்கு மூடுறோம். ஆர்டர்ல நான் சைன் பண்ணியாச்சு."

அவள் ஏறினாள். பொம்மைப் பயணிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பதிவுகளின்படி, முந்தின நாள் சண்டைக்குப் பிறகு இருவரும் தனித்தனியாக, ஒருவர் இல்லாத நேரம் பார்த்து மற்றவர் ஏறி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியிருந்தார்கள். இருந்த ஒரே அக்காவையும் தங்கையையும் இல்லையென்று சொன்னதற்குப் பிறகு.

சன்னலோரத்தில் கிடந்தது பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. இந்த விளையாட்டில் வீட்டுச் சாமானைப் படம் எடுத்து உள்ளே கொண்டுவரலாம். துண்டில் கைதொட்டதும் யார் போட்டது என்று பிரிவு ஊழியருக்குத் தெரியும். மாரிச்செல்வி தொட்டுப் பார்த்தாள். ஈஸ்வரி. தன் சீட்டில் போடாமல் அக்காவின் சீட்டில் போட்டிருந்தாள். சன்னலோரத்தை வேறு யாரும் பிடித்துவிட்டால் அந்த மனுஷிக்குக் குமட்டுமே என்று.

ஈஸ்வரியின் சீட்டில் கிடந்தது கோமதி வைத்த பை. கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் தாம்பூலப் பை. மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வைகாசித் தேதி. கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' என்று பொடி எழுத்தில் உறவுக்காரர்கள் பெயர். அந்த வரிசையின் முடிவில், இடம் இல்லாத இடத்தில், பால்பாயிண்ட் பேனாவால் நுணுக்கி எழுதியிருந்தது: சித்தப்பா சுடலைமுத்து.

மாரிச்செல்வி அந்தப் பையின் மேல் நீட்டிய கையை எடுக்க மறந்து நின்றாள்.

"யம்மா" என்றார் கண்டக்டர் பொம்மை. "அதுல ஆள் இருக்கு."

"தெரியும்ணே" என்றாள்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மூடுவதற்கு முன் அவள் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்த விளையாட்டை என்றைக்காவது எடுத்த எல்லாருக்கும் கடைசி அறிவிப்பு அனுப்புவது. சட்டப்படி அனுப்பியாக வேண்டும். அறிவிப்பை எழுதுவதும் அனுப்புவதும் விடைதரு பிரிவு. வழக்கமான வாசகம் தயாராக இருக்கும்: 'இந்த இனிய பயணத்தில் எங்களோடு இணைந்ததற்கு நன்றி.' படிக்காமலே அழித்துவிடுவார்கள் என்பதற்காகவே அப்படி எழுதப்பட்ட வாசகம். அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வேகமாக எழுதினாள். ஒருமுறை படித்தாள். அனுப்பினாள்.

தருண் உறையோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"எடுத்தாச்சா? சிஸ்டத்துல இன்னும் ரெண்டுன்னே காட்டுதே."

"மாறும் சார்."

"குட். மாரி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "உங்களுக்குத் திறமை இருக்கு. கோபமும் இருக்கு. கோபத்தை எங்க வைக்கணும்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் டீம் லீட். இந்த ஃபீல்டுல எதையும் பிடிச்சு வச்சுக்கக் கூடாது. எல்லாமே வரும், போகும். நம்ம கஸ்டமர்ஸுக்கும் நாம அதைத்தான் கத்துக்குடுக்குறோம்."

அவன் பேசிக்கொண்டே போனான். அவனுக்குப் பின்னால் சுவரில் இருந்த திரையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே 2. உள்ளே 3. தூத்துக்குடியில் யாரோ மத்தியானத் தூக்கம் கலைந்து போனை எடுத்திருக்க வேண்டும். உள்ளே 11. எங்கோ ஒரு வளைகுடா நாட்டில் ஷிப்ட் முடிந்திருக்க வேண்டும். உள்ளே 40. சீட்டுகளில் துண்டு, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஹெல்மெட், முறுக்குப் பொட்டலம். யாரோ ஒருவர் கைக்குழந்தையைப் படமெடுத்து வைத்திருந்தார்.

"கேக்குறீங்களா மாரி?"

"கேக்கேன் சார். எல்லாம் வரும், போகும்."

"எக்ஸாக்ட்லி."

திரையில் வாசகம் மாறியது: இடம் நிரம்பியது. சிறப்புப் பேருந்து விடப்படுகிறது. அதற்கான சர்வர் செலவை நிறுவனத்தின் கணக்கு தானாகவே ஏற்றுக்கொண்டது. கூட்டம் கூடினால் ஸ்பெஷல் பஸ் விட வேண்டும் என்பதும் அந்தப் பையன்கள் எழுதி வைத்ததுதான்.

தருண் உறையை அவள் பக்கம் தள்ளினான். "வாழ்த்துகள். இங்க ஒரு சைன், இங்க ஒண்ணு."

அவள் உறையைத் தொடவில்லை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். டிபன் பாக்சைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? நாலு மணிக்கு மூடணுமே."

"மூட முடியாது சார். ஆள் இருக்கு."

"ரெண்டு துணிதானே?"

"திரும்பிப் பாருங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது ஸ்பெஷல் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் அவள் அனுப்பிய அறிவிப்பு திறந்தே கிடந்தது. 'நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள். உங்கள் சீட்டில் ஏதாவது ஒன்றைப் போட்டு வையுங்கள். அது கிடக்கும்வரை யாராலும் நிறுத்த முடியாது. நடுவில் ஒரு இரட்டைச் சீட்டில் துண்டும் மஞ்சள் பையும் கிடக்கும். அவற்றை மட்டும் யாரும் நகர்த்தாதீர்கள். அவர்கள் வருவார்கள்.'

"இதை எப்ப அனுப்பினீங்க?" என்றான் தருண். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. யோசிக்க டைம் குடுத்திருப்பேனே."

"நீங்க வந்து உக்காருறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன் சார். நீங்க ஆசையா பேசிக்கிட்டு இருந்திய, குறுக்க பேச வேண்டாம்னு இருந்துட்டேன்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வசுந்தரா எதிரே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு நடந்தாள். பைக்குள் போன் அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும், இந்நேரம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டிருக்கும். அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் அவள் இன்னும் யோசிக்கவில்லை. லிப்டுக்குக் காத்து நின்றால் யோசிக்கத் தொடங்கிவிடுவோம் என்று தோன்றியது. படியில் இறங்கினாள்.